பகிரங்கமாக நடந்துபோன பெரியவர்

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் அவள் எழுதிய கடிதம், அதில் ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கீழே, "சித்தி, ஓப்பன்லின்னா வெளிப்படையாகன்னுதானே அர்த்தம்? இதுல என்ன தப்பு?" என்று கேள்வி. அவள் எழுதியிருந்த வரி இதுதான்: "ஓப்பன்லி, ஐ டோன்ட் லைக் மை ஜாப்."

சிரிப்புதான் வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் இதே வார்த்தையிடம் நானும் ஒருமுறை செமையாக மாட்டியிருக்கிறேன். அவள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் மாட்டினாள், நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிற வழியில். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அவள் கேள்வி. நாம் பேச்சில் "ஓப்பனா" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். "ஓப்பனா சொல்றேன், எனக்கு அந்த வீடு பிடிக்கல." "ஓப்பனா கேக்குறேன், கடைசியா எவ்வளவு குடுப்பீங்க?" இந்த வார்த்தை ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வீட்டிலேயே வளர்ந்துவிட்ட பிள்ளை. பெயர்தான் ஆங்கிலம், குணமெல்லாம் தமிழ். பேச்சைத் தொடங்கும்போதே "இனி வருவது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், தாங்கிக்கொள்" என்று எச்சரிக்கிற வேலையை அது செய்கிறது. ஆங்கிலத்தில் ஓப்பன்லிக்கு அந்த வேலை கிடையாது. அது வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவரின் மனநிலையை அறிவிக்காது, ஒரு வினையோடு ஒட்டிக்கொண்டு அந்தக் காரியம் எப்படி நடந்தது என்று மட்டும் சொல்லும். ஒருவர் தவறை ஓப்பன்லி ஒப்புக்கொள்ளலாம், தலைவரை ஓப்பன்லி விமர்சிக்கலாம், கண்ணீரை மறைக்காமல் ஓப்பன்லி அழலாம். அக்கா மகள் எழுத நினைத்த இடத்தில் ஆங்கிலக்காரர் போடுவது ஃப்ராங்க்லி, ஹானஸ்ட்லி இந்த மாதிரி ஏதாவது.

அந்த ஃப்ராங்க்லிக்கு ஒரு கதை இருக்கிறது. ஃப்ராங்க் என்பது ஒரு இனத்தின் பெயர், இன்றைய பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்த அதே கூட்டம். அவர்கள் ஜெயித்த மண்ணில் அவர்கள்தான் முழுச் சுதந்திரம் உள்ளவர்கள், அதனால் ஃப்ராங்க் என்றால் சுதந்திரமானவன் என்று ஆகி, அப்புறம் யாருக்கும் பயப்படாமல் பேசுகிறவன் என்று ஆகிவிட்டது. ஜெயித்தவன்தான் மனதில் பட்டதைப் பேசலாம் என்று அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். இன்னொன்று கேண்டிட்லி. லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் பளிச்சென்று வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு ஓட்டு கேட்கப் போவார்களாம், கேண்டிடேட் என்கிற வார்த்தையும் அங்கிருந்துதான். நம்மூர் வேட்பாளரின் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வெள்ளை மாறவில்லை, வெளிப்படை எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

தமிழில் இதே வேலையை எது செய்கிறது என்று யோசித்தேன். "உள்ளதைச் சொல்றேன்" செய்கிறது. "சொல்லப்போனா" பாதி செய்கிறது. ஆனால் அசல் தமிழ் ஃப்ராங்க்லி எது என்று கேட்டால் என் ஓட்டு "தப்பா நினைச்சுக்காதீங்க"வுக்குத்தான். எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தப் பங்குப் பிரிப்பிலும், இந்த வார்த்தையைக் கேட்ட மறுநொடி எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். உண்மை வரப்போகிறது என்று தெரியும்.

சரி, என் கதை.

நான் வக்கீல்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறவள். பத்திரங்கள், நோட்டீஸ், பிராது, சில சமயம் சாட்சியம். ஆரம்ப காலத்தில் ஒரு வழக்கு வந்தது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர், அவருடைய கிணற்றுக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்து வழியாகத்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு அதில்தான் போய்வந்தார். நிலம் கைமாறியது. வாங்கியவர் முதல் காரியமாகக் கம்பிவேலி போட்டுவிட்டார். பாதை உரிமை கேட்டு வழக்கு. வக்கீல் சார் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக்கொடுத்து, "தமிழ்ல பிராது தயார் பண்ணும்மா" என்றார்.

இந்த மாதிரி வழக்குக்கு ஆதாரம் 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. அதில் சொல்லியிருப்பதைச் சுருக்கினால், ஒரு பாதையை ஒருவர் 20 வருஷம் இடைவிடாமல், அமைதியாகவும் ஓப்பன்லியாகவும், தனக்கு உரிமை உள்ளது என்ற முறையில் அனுபவித்துவந்தால் அந்த உரிமை அவருக்கு உறுதியாகிவிடும். சட்டத்திலேயே அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. நான் அகராதியைப் புரட்டினேன், இரண்டு மூன்று பொருள் போட்டிருந்தது, அதில் கனமாகத் தெரிந்ததை எடுத்துப் போட்டேன். "வாதி மேற்படி பாதையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாகவும் பகிரங்கமாகவும் நடந்து வந்துள்ளார்." எழுதி முடித்துவிட்டு ஒரு திருப்தி வேறு.

வக்கீல் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, பகிரங்கமா நடந்தாருன்னு எழுதியிருக்கியே, மேளம் வச்சுக்கிட்டா போனாரு?"

குமாஸ்தா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்றைக்கும் அந்த அறைக்குள் போனால் "என்னம்மா, பகிரங்கமா வந்திருக்கே" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஆனால் ஏன் அது தப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பகிரங்க ஏலம் சரி, பகிரங்க மன்னிப்பு சரி, பகிரங்கக் கடிதம் சரி, நடை மட்டும் ஏன் சரியில்லை? வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஒளித்துச் செய்யவேண்டிய காரியத்தைத்தான் நாம் பகிரங்கமாகச் செய்யமுடியும், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டிச் செய்யவேண்டிய காரியத்தை. "அவன் பகிரங்கமாக இட்லி சாப்பிட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் உடனே, அவன் விரதமோ, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரோ, யார் வீட்டு இட்லியோ என்று யோசிப்பார். சாதாரண இட்லி அந்த ஒரு சொல்லால் திருட்டு இட்லி ஆகிவிடுகிறது. பெரியவரின் நடையையும் நான் அப்படித்தான் ஆக்கியிருந்தேன். கள்ளச்சாராயம் பகிரங்கமாக விற்கிறார்கள், லஞ்சம் பகிரங்கமாக வாங்குகிறார்கள் என்று செய்தித்தாளில் வருமே, அந்த வரிசையில் கொண்டுபோய் அவரை நிறுத்திவிட்டேன்.

ஆங்கில ஓப்பன்லிக்கும் இந்த நிழல் உண்டு. ஒளிக்கக் காரணம் இருக்கிற இடத்தில்தான் அது அதிகம் புழங்கும். தன்பாலின ஈர்ப்பாளர் ஒருவரை ஓப்பன்லி கே என்று எழுதுகிறார்கள். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்வரை, ஒரே பாலைச் சேர்ந்த வயதுவந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்தாலும் அது சட்டப்படி குற்றம், ஒளிக்கக் காரணம் இருந்தது, வீட்டிலும் ஊரிலும் இன்னும் இருக்கிறது. அதனால் அந்த வார்த்தை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்லி இடதுகைக்காரர் என்று யாரும் யாரைப் பற்றியும் எழுதுவதில்லையே. இதைத் தமிழ்ச் செய்திகளில் "தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர்" என்று நீட்டி எழுதுகிறார்கள். அவர் எங்கே அறிவித்தார், ஒலிபெருக்கி வைத்தா? ஒளிக்காமல் வாழ்கிறார், அவ்வளவுதான். என் மேளக் கதையேதான் இங்கேயும்.

சட்டத்தில் மட்டும் இந்த நிழல் கிட்டத்தட்ட இல்லை. சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நிலத்துக்காரர் பார்க்க நினைத்திருந்தால் பார்த்திருக்க முடியுமா என்பது. ரோமானியச் சட்டத்திலிருந்து வரும் மூன்று நிபந்தனைகள் இதற்கு அடிப்படை: வலுக்கட்டாயம் கூடாது, கள்ளத்தனம் கூடாது, அனுமதி கேட்டு வாங்கினதாகவும் இருக்கக்கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். "அண்ணாச்சி, உங்க வரப்புல கொஞ்சம் போய்க்கிறேன்" என்று பண்பாகக் கேட்டு, அவரும் "போய்க்கோப்பா" என்று சொல்லியிருந்தால், அந்தச் சம்மதத்தில் எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை வராது. கேட்காமல் நடந்தவனுக்கு வரும். நல்ல பிள்ளையாக இருந்தால் கிணற்றுக்குப் போகமுடியாது போல.

அந்த 15ஆவது பிரிவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது, அதை நானாகவே கண்டுபிடித்ததால் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதே பிரிவு வீட்டுக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றியும் பேசுகிறது. 20 வருஷம் ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் அந்த உரிமையும் உறுதிதான். ஆனால் அங்கே அமைதியாக அனுபவித்திருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது, ஓப்பன்லி இல்லை. பாதைக்கு வரும்போதுதான் அந்த வார்த்தை சேர்கிறது. ஏன் என்று கொஞ்சநேரம் மண்டையைக் குடைந்தேன். ஜன்னலை யாரும் ஒளித்துவைக்க முடியாது, அது பாட்டுக்குச் சுவரில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தலையைத் தூக்கினால் தெரியும். நடையைத்தான் ராத்திரியில் நடக்கலாம், யாரும் இல்லாத நேரம் பார்த்து நடக்கலாம். இது என் விளக்கம்தான், சட்டம் எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ. ஆனால் ஒரு வார்த்தையை ஓரிடத்தில் போட்டு அடுத்த இடத்தில் போடாமல் விடுகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓப்பன்லி எங்கே வந்தாலும் நான் அகராதியைத் திறப்பதில்லை. யார் பார்க்க நடந்தது, எதை உதறிவிட்டு நடந்தது, இந்த இரண்டையும் கேட்டுக்கொள்வேன். தமிழ் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிற மொழி.

யார் பார்க்க என்பதற்கு நம்மிடம் "அறிய" இருக்கிறது. ஊரறிய, நாலு பேர் அறிய, சபையறிய. "ஊரறியத் தாலி கட்டினவ" என்று சொன்னால் அதில் இருக்கிற பலம் வெளிப்படையாகத் தாலி கட்டிக்கொண்டவள் என்பதில் வருமா? நீதிமன்றத் தமிழில் இதன் அழகான வடிவம் ஒன்று உண்டு. நம் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளின் முடிவில், இன்ன ஆண்டு இன்ன நாள் "அவையறியப் பகரப்பட்டது" என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஓப்பன் கோர்ட்டில் சொல்லப்பட்டது என்பதுதான். திறந்த நீதிமன்றம் என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் கதவு திறந்திருப்பதைவிட உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது என்பதுதானே விஷயம். அதைக் கதவைத் தொடாமலே சொல்லிவிடுகிறது அவையறிய.

எதை உதறிவிட்டு என்பதற்கு "விட்டு". மனம்விட்டுப் பேசினோம். வாய்விட்டுக் கேட்டான். வெட்கத்தை விட்டுச் சொல்றேன். ஆங்கிலம் எதையோ திறக்கிறது, தமிழ் எதையோ விடுகிறது. மனம் திறந்து என்று இப்போது எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள், குறிப்பாக நடிகைகள் மட்டும்தான் மனம் திறப்பார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில். என் அம்மா மனம் திறந்து நான் பார்த்ததே இல்லை. மனம்விட்டுப் பேசியிருக்கிறாள், அதுவும் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத இருட்டில்.

இந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. ஒருவர் ஓப்பன்லி பொய் சொன்னார் என்றால் அங்கே விட்டது கூச்சத்தை, அதனால் "கூசாமல் பொய் சொன்னார்". ஓப்பன்லி அழுதார் என்றால் பார்த்தவர்கள் முக்கியம், "சபை என்றும் பாராமல் அழுதார்". இங்கே வாய்விட்டு அழுதார் என்று போட்டால் சத்தம் கூடிவிடும், ஆங்கிலத்தில் அவர் சத்தமே போடாமல்கூட அழுதிருக்கலாம். ஓப்பன்லி விமர்சித்தார் என்பதற்குப் பகிரங்கமாக சரிதான், கட்சிக்குள் பேசவேண்டியதை வெளியே பேசியிருக்கிறார். ரகசியத்தை ஓப்பன்லி சொல்லிவிட்டான் என்றால் நமக்கு அது தேங்காய், "போட்டு உடைச்சிட்டான்". ஓப்பன்லியாக வெறுப்பைக் காட்டினார் என்றால் "முகத்துக்கு நேரேயே". இத்தனையையும் வெளிப்படையாக என்ற ஒற்றைச் சொல்லால் மெழுகி எழுதிய மொழிபெயர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு உப்பில்லாத சோறு மாதிரி இருக்கும்.

ஆனால் வெளிப்படை மட்டமான சொல்லும் இல்லை. இலக்கணத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூலில் ஒரு நூற்பா, ஆகுபெயர், அன்மொழி என்று ஒரு பட்டியல் போட்டு, இவையெல்லாம் குறிப்பால் பொருள் தருகிற சொற்கள், "அல்லன வெளிப்படை" என்று முடியும். குறிப்பால் பொருள் தராதது எதுவோ அதுதான் வெளிப்படை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. ஓப்பன்லிக்கு எதிர்ப்பதம் கேட்டால் ஆங்கிலக்காரர் ரகசியமாக என்று சொல்வார். நன்னூலைக் கேட்டால் குறிப்பு என்று சொல்லும். குறிப்பாகப் பேசுகிறவர் எதையும் மறைப்பதில்லை, கேட்கிறவருக்குப் போய்ச்சேர வேண்டும் என்றுதான் பேசுகிறார், நேராகச் சொல்வதில்லை, அவ்வளவே. "நம்ம வீட்டுல சில பேருக்கு எட்டு மணிக்கு மேலதான் விடியும்" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே பெரியம்மா சொல்வார். சமையலறையில் இருக்கிற நான்கு பேருக்கும் யாரைச் சொல்கிறார் என்று தெரியும், எழுந்து வருகிற மருமகளுக்கும் தெரியும். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? ஆனால் வெளிப்படையும் இல்லை. ஜாடை, ஜாடைமாடை, குத்தல், பூடகம், சூசகம் என்று இந்த இடைவெளிக்கு மட்டும் நாம் எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! ஆங்கிலப் பாடத்தில் சீக்ரெட்லி, ஓப்பன்லி என்று எதிர்ப்பதம் எழுதிவைத்துப் படிக்கிற பிள்ளைக்கு, தன் வீட்டுச் சமையலறை இரண்டிலும் சேராது என்று யார் சொல்லித்தருவது.

பகிரங்கத்துக்கு எதிரி அந்தரங்கம், இது நேரான ஜோடி. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை, வெளிப்புறத்து அங்கம், உட்புறத்து அங்கம். இவற்றோடு கொஞ்சம் உரசிக்கொண்டு இன்னொரு சொல் உண்டு, வெளியரங்கம். அதை நான் கற்றது பள்ளியில், காலை ஜெபத்தில். "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா தாமே உனக்கு வெளியரங்கமாய்ப் பலனளிப்பார்" என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வரும். நான் கிறிஸ்தவப் பெண் இல்லை, ஆனால் அந்த வரியின் ஓசைக்காகவே மனதில் நின்றுவிட்டது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது நம்ம ஓப்பன்லியேதான். பின்னாளில் வந்த பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை என்பதால். பழைய தமிழ் பைபிளில் மட்டும் வெளியரங்கம் கம்பீரமாக நிற்கிறது.

அதைவிட வேடிக்கை யோவான் புத்தகத்தில். லாசரு மரித்துப்போனான் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் ஒரு சொல், பர்ரேசியா. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்பது அதன் வேர்ப்பொருள். கடைசியில் பிடிபட்டு விசாரணையில் நிற்கும்போது, நான் உலகத்தோடு மறைக்காமல்தானே பேசினேன் என்று சொல்கிற இடத்திலும் அதே சொல். கிங் ஜேம்ஸ்காரர்கள் முதல் இடத்தில் ப்ளெய்ன்லி என்று போட்டு, இரண்டாவதில் ஓப்பன்லி போட்டார்கள். தமிழில் முதலாவது வெளிப்படையாய், இரண்டாவது வெளியரங்கமாய். முதல் இடத்தில் அவர் அதற்குமுன் லாசரு தூங்குகிறான் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தார், சீடர்களுக்குப் புரியவில்லை, அதனால் குறிப்பை விட்டு வெளிப்படைக்கு வருகிறார், நன்னூல்காரருக்குக் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இரண்டாவது இடத்தில் பேச்சு ஆலயத்தில், கூட்டத்தின் நடுவில் நடந்தது, அங்கே ஆள்கள் முக்கியம். கிரேக்கத்தில் ஒன்றாக இருந்ததைத் தமிழாக்கியவர்கள் சரியாக இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நானும் அன்றைக்கு இதைப் படித்திருந்தால் மேளத்திலிருந்து தப்பியிருப்பேன்.

ஓப்பன் என்பதன் வேர் அப் என்பதோடு சேர்ந்தது என்கிறார்கள், மூடியை மேலே தூக்குவது மாதிரி. பின்னால் ஒட்டியிருக்கும் லி பழைய ஆங்கிலத்தில் உடம்பு என்று பொருள்படும் சொல்லோடு உறவு. அந்த உடம்பு பிணத்தையும் குறிக்கும், இங்கிலாந்தில் சர்ச் வாசலில் சவப்பெட்டியை இறக்கிவைக்கிற கூரை போட்ட வாசலுக்கு இன்னும் லிச்கேட் என்றுதான் பெயர். நம் "ஆக" ஆகு என்ற வினையிலிருந்து வருவது, அதில் பிணமெல்லாம் கிடையாது. இதை அக்கா மகளுக்கு அனுப்பினேன், "சித்தி, பரீட்சைக்கு இது வராது" என்று பதில் வந்தது.

பெரியவர் வழக்குக்கு வருகிறேன். அந்தத் திருத்தம் நடந்த அன்று அவரும் அறையில்தான் உட்கார்ந்திருந்தார், துண்டை மடியில் போட்டுக்கொண்டு. நாங்கள் பகிரங்கம், வெளிப்படை என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "நான் என்ன ஒளிஞ்சா போனேன்? பட்டப்பகல்லதான மாட்டைப் பத்திக்கிட்டுப் போனேன், அவுக அப்பாரு வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருப்பாரு" என்றார். வக்கீல் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சட்டம் கேட்கிற அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது, பார்க்கிற தூரம், பார்க்கிற ஆள், பார்க்கிற நேரம். பட்டப்பகலில் என்பதைப் பிராதில் போட எனக்கு ஆசை. "வேணாம்மா, பட்டப்பகலில்னா அடுத்து வழிப்பறின்னுதான் வரும்" என்று சொல்லிவிட்டார், அதுவும் சரிதான். கடைசியில், "மேற்படி நிலத்தின் முன் உரிமையாளர் உட்பட அனைவரும் அறிய, வெளிப்படையாக, பகல் வேளைகளில்" என்று எழுதி, அவர் சொன்ன வரப்பையும் ஒரு பத்தியில் சேர்த்தோம். பெரியவர் கையெழுத்துப் போடும்போது, "இதுக்கா ரெண்டு மணி நேரம்" என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து எதிர்த்தரப்பின் பதிலுரை வந்தது. நான்காவது பத்தியை வக்கீல் சார் எனக்காகவே உரக்கப் படித்தார்: "வாதி மேற்படி இடத்தில் எக்காலத்திலும் வெளிப்படையாகவோ மறைவாகவோ நடந்ததே கிடையாது."